வெளி ஃபிட்டிங்

வண்டி நின்றுபோன இடத்தை, அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மாமா இப்போதும் கையால் காட்டுவார். கரியாலூரிலிருந்து இறங்கி வரும்போது கோமுகி அணைத் தண்ணீர் முதன்முதலாகக் கண்ணில் படுகிற வளைவு அது. அன்றைக்கு வண்டியில் கரியனும் அவன் மனைவி ஆயம்மாளும் இருந்தார்கள். மேலே கேரியரில் சாமை மூட்டைகள், கள்ளக்குறிச்சி மண்டிக்குப் போக வேண்டியவை. வளைவுக்குள் திருப்பும்போதே ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது என்றார் மாமா. மீட்டர் விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக அணைந்தன. ஹாரன் அடிக்கவில்லை, கண்ணாடி இறங்கவில்லை. பிரேக்கை மிதித்து, கைபிரேக்கையும் இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியைச் சாய்த்து நிறுத்தியிருக்கிறார். ஆயம்மாள் இறங்கி ஒரு கல்லை உருட்டிவந்து பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தாளாம். வைத்துவிட்டு, "இன்னா டிரைவரே, வண்டி தூங்கிடுச்சா?" என்று கேட்டாளாம்.

மாமா என்று நான் சொல்வது என் அக்கா இசபெல்லாவின் வீட்டுக்காரர் வியாகுலத்தை. கச்சிராயபாளையத்தில் அவர்கள் வீடு. நான் தியாகதுருகத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அந்த நாட்களில் சனிக்கிழமை வந்தால் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். அக்கா போன ஐப்பசியில் இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மாமாவிடம் அந்த வண்டித் தகராறைப் பற்றிக் கேட்டால் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுகிறார். எனக்கு அவள் பேசியது எல்லாம் ஞாபகத்தில் இருக்கிறது. இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

மாமா அடுத்தவர்களுடைய வண்டிகளை ஓட்டியே தலை நரைத்தவர். அந்த மலைப்பாதையில் எந்த மதகில் தண்ணீர் வழியும், எந்தத் திருப்பத்தில் மாடு படுத்திருக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சொந்தமாக ஒரு வண்டி எடுக்க வேண்டும் என்ற எண்ணம் வந்து, வங்கியில் கடன் கிடைத்து, ஏழு பேர் உட்காரும் புது வண்டி மஞ்சள் போர்டோடு வீட்டு வாசலில் வந்து நின்றபோது தெருவே பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அருவி பார்க்க வருகிறவர்கள், மற்ற நாட்களில் மலை ஜனங்கள். ஆஸ்பத்திரி, சந்தை, பெண் பார்க்கப் போவது, தாலுகா ஆபீஸ், எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

வண்டி வந்த அடுத்த வாரமே அதை உளுந்தூர்பேட்டைக்குக் கொண்டுபோனார். அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் மாயவன் அவருக்குப் பழக்கம். முன்பக்கத்தில் பம்பருக்குக் கீழே இரண்டு மஞ்சள் லைட், கூரைமேல் கேரியர், வளைவுக்கு அப்பால் கேட்கிற மாதிரி ஒரு ஹாரன். திரும்பி வந்த வண்டியை அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நல்ல மூஞ்சியில் இரண்டு கட்டி வந்த மாதிரி இருக்கிறது என்றாள். மாமா சிரித்துக்கொண்டார். பனிக்கு வேண்டும் என்று மட்டும் சொன்னார். அக்கா அந்த மலைக்கு மாதா திருவிழா சமயத்தில் நல்ல வெயிலில் ஒன்றிரண்டு தடவை போனதோடு சரி. பனி என்றால் அவளுக்குக் காலையில் சத்துணவுக் கூடத்துக்குப் போகும்போது தலையில் துண்டு போட்டுக்கொள்வது.

சத்துணவுக் கூடத்தில்தான் அவளுக்கு வேலை. பெரிய அண்டாவில் சாம்பார் கொதிக்கும்போது உப்புச் சட்டியிலிருந்து கை நிறைய அள்ளிப் போடுவாள். கரண்டி, அளவு எதுவும் கிடையாது. அந்தக் கை வீட்டுச் சமையலுக்கு வந்தால் பயந்துபோய் உப்பே போடாது. மாமா இதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வார்.

அக்காவும் தன் பங்குக்கு வண்டிக்கு ஒன்று செய்துகொண்டிருந்தாள். கோயிலில் ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தமும் உப்பும் எங்கள் வீடுகளில் எப்போதும் இருக்கும். வீடு குடிபோனால் தெளிப்போம், மாடு கன்று போட்டால் தெளிப்போம். மாமா மலை ஏறும் நாட்களில் அக்கா முன்கதவைத் திறந்து, கண்ணாடிக்குக் கீழே மாதா சுரூபம் ஒட்டியிருக்கிற இடத்தில், காவல் தூதரான சம்மனசை வேண்டிக்கொண்டு தீர்த்தம் விடுவாள். பிறகு முந்தானையால் துடைத்துவிடுவாள். அதை யாரும் ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துக் கள்ளக்குறிச்சி ஷோரூமுக்குக் கொண்டுபோனார்கள். சர்வீஸ் மேனேஜர் பெயர் ராஜதுரை. மரியாதையான மனிதர், டீ வாங்கிக் கொடுத்தாராம். வண்டியைச் சுற்றி வந்து லைட்டை ஒரு போட்டோ, கேரியரை ஒரு போட்டோ, ஹாரனை ஒரு போட்டோ எடுத்தார். பிறகு மாமாவை உட்காரவைத்து, வண்டியின் மின்சாரம் எல்லாவற்றையும் கவனிக்கிற பெட்டி ஒன்று டேஷ்போர்டுக்குள் இருக்கிறது, அது போய்விட்டது, ஆனால் வாரண்டியில் வராது என்றார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன சொல்தான் 'வெளி ஃபிட்டிங்'. வெளியில் லைட் போட்டிருக்கிறீர்கள், அது வயரில் ஏறி பெட்டியைத் தின்றுவிட்டது, கம்பெனி பொறுப்பில்லை.

மாமா பஸ்ஸில் வீடு திரும்பினார். கார்த்திகை மழை பிடித்திருந்தது. அக்கா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து பேசினாள். வெளியில் துணி நனைந்தால் அந்த லைட்டால், அடுப்பு எரியவில்லை என்றால் அந்த லைட்டால். தவணை நாள் நெருங்குகிற வீட்டில் ஒருத்தி பேசுகிற பேச்சு அது. மரவள்ளிக்கிழங்கு வெட்டு தொடங்கியிருந்தது. அவர் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில்லுக்குக் கிழங்கு ஏற்றுகிற வேறொருவர் வண்டியை ஓட்டப் போனார். திரும்பி வரும்போது சட்டை முழுக்கச் செம்மண்ணும் கிழங்குப் பாலும் இருக்கும். பாதித் தூக்கத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு, லைட்டால் இருக்குமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். அவரே பாதி நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அது எனக்குப் பொறுக்கவில்லை.

வாரண்டிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு சனிக்கிழமை மழையில் உட்கார்ந்து அதைப் படித்தேன். வெளியில் பொருத்திய பொருளால் வந்த பழுதுக்குத்தான் கம்பெனி பொறுப்பில்லை என்று இருந்தது. லைட் இருக்கிறது என்பதற்காக எந்தப் பழுதையும் பார்க்க மாட்டோம் என்று எங்கும் இல்லை. அப்படியானால் லைட்தான் செய்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். இதை அக்காவிடம் சொன்னபோது கருவாட்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டியை அப்படியே வைத்துவிட்டு, "அப்ப அவங்க இன்னும் காட்டல" என்றாள்.

திங்கட்கிழமை மூன்று பேரும் போனோம். வீட்டில் அந்த லைட்டைக் கரித்துக்கொட்டியவள் ஷோரூமில் அதற்கு வக்கீலாகிவிட்டாள். ராஜதுரை எங்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தார். அக்கா உட்காரவில்லை.

"சார், லைட்டு போட்டு நாலஞ்சு மாசம் ஆவுது. அப்பல்லாம் நல்லா ஓடின வண்டி இப்ப ஏன் நிக்கணும்?"

"உள்ள சூடு இருந்துகினே இருக்கும்மா. வெளிய தெரியாது. வயரு கொஞ்சம் கொஞ்சமா தீயும்."

"தீஞ்சா வாசன வரணும் இல்ல? நான் ஒரு இஸ்கூலு புள்ளைங்களுக்கே ஆக்கிப் போடறவ சார். அண்டா அடி புடிச்சா எனக்குத் தெருவுலயே தெரியும். உங்க வண்டிக்குள்ள தலைய வுட்டுப் பாத்தேன். தீஞ்ச வாசனயே இல்ல."

"எங்க வண்டி இல்லம்மா, உங்க வண்டி."

"அப்டியா? துட்டு கட்டற வரைக்கும் எங்க வண்டி, கெட்டுப் போனா உங்க வண்டின்னு நெனச்சேன்."

ராஜதுரை சிரித்துவிட்டார். சிரித்தபின் அவரால் பழைய குரலுக்குத் திரும்ப முடியவில்லை. நான் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். கம்பெனி எஞ்சினியரை வரவழைக்கிறேன், அவர் சொல்வதுதான் முடிவு, லைட் என்று அவர் சொல்லிவிட்டால் பிறகு பேச முடியாது என்றார். அக்கா சரி என்றாள். மாமா சரி என்று சொல்லவில்லை.

எஞ்சினியர் என்றதும் கண்ணாடி போட்ட ஒரு பெரிய மனிதரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். சில நாள் கழித்து வந்தது சுபஸ்ரீ என்ற பெண். சென்னையிலிருந்து காலை வண்டியில் வந்து இறங்கியிருந்தாள். நீலச் சட்டை, தலைமுடியை ஒரு பேனாவால் சுருட்டிக் கொண்டை போட்டிருந்தாள். எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, வண்டி எந்த இடத்தில் நின்றது, முதலில் எது அணைந்தது, மழையா வெயிலா என்று மாமாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஸ்டியரிங் இறுகியதை மாமா கையால் காட்டியபோது அவளும் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு இந்தப் பக்கம் ஜெயிக்க வேண்டும், அந்தப் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. வண்டிக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் லைட்டைப் பார்த்தாள். கவர் போட்ட வயர் வழியாக விரலை ஓட்டிக்கொண்டே போய், பேட்டரிப் பக்கத்தில் நின்றாள். அங்கிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"இது பேட்டரிலேர்ந்து தனியா வருது. தனி ஃபியூஸ் இருக்கு, சுவிட்சும் தனி. அந்தப் பெட்டிக்கும் இதுக்கும் எங்கயும் தொடுப்பே இல்ல. இது காரணம் இல்ல சார்."

ராஜதுரை ஒரு தடவை கேட்டார், இரண்டு தடவை கேட்டார். அவள் மீட்டரை வைத்துக் காட்டினாள். மாமா ஓரமாகப் போய் ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளும் தோளில் சுமந்ததை இறக்கி வைத்தவர் போல முழங்கால்மேல் கைகளை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா ஷெட்டின் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எதுதான் காரணம்?" என்று சுபஸ்ரீ தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, டிரைவர் சீட்டில் தலைகீழாகப் படுத்து, டார்ச்சை வாயில் கவ்வியபடி டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டாள். அந்தப் பெட்டி வெளியே வந்தது. ஒரு சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். அதில் செருகுகிற பிளக்கைத் திருப்பிக் காட்டினாள். பித்தளை ஊசிகளைச் சுற்றி வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருந்தது. மழைத்தண்ணீர் எங்கோ இறங்கியிருக்கிறது, முன்கண்ணாடி ரப்பர் சரியாக ஒட்டாமல் இருந்தால் அது கம்பெனித் தவறு, முழுக்க வாரண்டியில் வரும் என்றாள். ராஜதுரையே ஆளை அனுப்பித் தண்ணீர்க் குழாய் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடிமேல் பீய்ச்சி அடித்தார்கள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அதற்குள் மற்ற மெக்கானிக்குகளும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எலி மூத்திரம் என்றார் ஒருவர், ஏசித் தண்ணீர் என்றார் இன்னொருவர்.

சுபஸ்ரீ அந்த வெள்ளைத் தூளை ஒரு காகிதத்தில் சுரண்டி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். "மழைத்தண்ணிக்கு இவ்வளவு படியாது" என்றாள்.

அக்கா கூட்டத்துக்குள் வந்து எட்டிப் பார்த்தாள். சமையல்காரி கை, தடுப்பதற்குள் போய்விட்டது. ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு முந்தானையில் துப்பினாள்.

"உப்பு" என்றாள்.

"அம்மா, அதெல்லாம் வாயில வைக்கக் கூடாது" என்று சுபஸ்ரீ தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பிறகு, "உப்பா? கடல் எங்கயோ இருக்கு. உப்பு எப்படி இதுக்குள்ள வந்துச்சு?" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கும் அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. மாமா டயரிலிருந்து எழுந்து வந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது என்று அவர் அவசரமாகப் பேசியதிலிருந்து தெரிந்தது.

"கருவாடு ஏத்தனேன் மேடம் ஒரு வாட்டி. மூட்ட ஒழுகியிருக்கும். என் தப்புதான்."

அவர் வாழ்நாளில் கருவாட்டு லோடு ஏற்றியதில்லை. மலைக்கு ஏறுகிற வண்டியில் கருவாட்டு நாற்றம் இருந்தால் யாரும் உட்கார மாட்டார்கள்.

"இல்ல மேடம்" என்றாள் அக்கா. "நான்தான் ஊத்தனேன்."

சொல்லிவிட்டாள். வெறும் தீர்த்தம் தெளித்ததாகத்தான் நானும் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லை. இவர் போவது மலைப்பாதை, அத்தனை வளைவு, வெறும் தண்ணீர் போதுமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. மந்திரித்த உப்பைத் தீர்த்தப் பாட்டிலில் போட்டுக் குலுக்கியிருக்கிறாள். ஒரு சிட்டிகை போடுவதை அவள் கை அள்ளிப் போட்டிருக்கிறது. மழைக்காலம் வந்ததும் இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கிறாள். இதையெல்லாம் அவள் மெக்கானிக்குகள் நடுவில் நின்று, ஒளிக்காமல், குரல் இறங்காமல் சொன்னாள். கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சுபஸ்ரீயின் முகத்தில் கோபமும் இல்லை. கண்கள் பெரிதாகி, "எப்படி ஊத்துவீங்க? செஞ்சு காட்டுங்களேன்" என்றாள். நல்ல தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு மறுபடியும் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்துக்கொண்டாள். அக்கா கொஞ்சம் தயங்கினாள். பிறகு மாதா சுரூபத்துக்கு முன்னால் மேலிருந்து கீழே ஒரு கோடு, இடமிருந்து வலம் ஒரு கோடு, சிலுவையாகத் தண்ணீர் விட்டாள். பாதித் தண்ணீர் கண்ணாடிக்கு ஓரத்தில் காற்று வருகிற இடுக்குக்குள் இறங்கிப் போனது. துடைக்க மேலே மீதிப் பாதிதான் இருந்தது.

"வருது" என்றது கீழேயிருந்து சுபஸ்ரீயின் குரல். "வருது, நேரா பிளக்கு மேலயே சொட்டுது. வாங்க சார், வந்து பாருங்க."

ராஜதுரை மண்டிபோட்டுக் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு துளியும் திரண்டு, தொங்கி, அந்தப் பிளக் இருந்த இடத்தில் விழுந்தது.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்ட ராஜதுரைக்கு மேனேஜர் குரல் திரும்பி வந்துவிட்டது. கஸ்டமரே ஊற்றியிருக்கிறார், இனி பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்றார். சுபஸ்ரீ கையைத் துடைத்துக்கொண்டு அவரிடம் கேட்டாள்.

"யாராவது டீய கொட்டினா எங்க சார் போகும்? கண்ணாடி தொறந்திருக்கும்போது மழை அடிச்சா? ஆயுத பூஜைக்குத் தண்ணி தெளிக்காத வண்டி ஒன்னு காட்டுங்க. உப்பு அவங்க போட்டது. தண்ணிக்கு வழி விட்டது நாமதான்."

நெடுநேரம் தனியாகப் பேசிக்கொண்டார்கள். கடைசியில் பெட்டியைக் கம்பெனி கொடுக்கும், வயரிங்குக்கும் வேலைக்கும் நாங்கள் கொடுக்க வேண்டும் என்று முடிந்தது. எங்களால் முடிகிற ஏற்பாடு. மாமா கையெடுத்துக் கும்பிட்டார். சுபஸ்ரீ கிளம்பிப் போனபின் ராஜதுரை எங்களை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். அங்கே வைத்து, வண்டியை எடுக்கும்போது மஞ்சள் லைட்டையும் அந்த ஹாரனையும் கழற்றிவிடச் சொன்னார். அதுதான் காரணமில்லை என்று ஆகிவிட்டதே என்றேன்.

"அந்த எஞ்சினியர் அம்மா வண்டிக்குள்ள படுத்துப் பாத்தாங்க. அடுத்த வாட்டி வர்றவங்க போட்டோவப் பாத்துட்டு முடியாதுன்னு போட்டுடுவாங்க. இன்னும் ரெண்டு வருசம் இருக்குதுங்க வாரண்டி" என்றார். பிறகு மாமாவைப் பார்த்து, "நானும் மலைக்காரன்தாண்ணே. கரியாலூருக்கு அந்தாண்ட எங்க ஊரு. எனக்குத் தெரியாதா? ஆனா கம்பெனி கம்ப்யூட்டரு வண்டி நெம்பரு கேக்கும், ஊரு பேரு கேக்கும். பனி பெய்யற எடமான்னு கேக்காது" என்றார்.

மாமா களைத்திருந்தார். கழற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அக்கா அவர் எதிரில் போய் நின்றுகொண்டாள். "திட்டறதா இருந்தா இப்பவே திட்டிடுங்க. மனசுல வெச்சிகினு இருக்காதீங்க" என்றாள். மாமா தட்டை இழுத்துக் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

"திட்டறதுக்கு இன்னா இருக்குது. கல்யாணம் ஆன நாளா கொழம்புல உப்பு கம்மி, கம்மின்னு சொல்லிகினு இருந்தேன். மிச்சமெல்லாம் எங்க போவுதுன்னு இப்பதான் தெரிஞ்சுது."

அக்கா அடுப்படிக்குள் போய்விட்டாள். அவள் அழுதாளா சிரித்தாளா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. சத்தம் இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரிதான் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் வண்டி வந்தது. முகத்தில் கட்டி இல்லாமல், வாங்கின அன்று இருந்த மாதிரியே இருந்தது. கழற்றிய லைட்டுகளையும் ஹாரனையும் ஒரு சிமெண்டு சாக்கில் போட்டுப் பின்சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார்கள். முதல் சவாரி கரியன் வீட்டுக்குத்தான். அவன் மகள் தமிழ்ப்ரியாவுக்குக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்திருந்தது. தாயையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். பச்சைப் பிள்ளை, நானும் கூட வருகிறேன் என்று அக்கா கிளம்பினாள். அரையாண்டு விடுமுறை என்பதால் நானும் ஏறிக்கொண்டேன். கிளம்பும்போது அக்கா தீர்த்தத்தில் விரலை நனைத்து மாமா நெற்றியில் ஒரு சிலுவை போட்டாள். வண்டியைத் தொடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதி முடித்து வெளியே விட மதியம் தாண்டிவிட்டது. அணையைக் கடக்கும்வரை வெயில் இருந்தது. ஏற்றம் தொடங்கி நாலைந்து வளைவு போனதும் மழை தூறி, தூறல் நின்று, மேகம் பாதையிலேயே இறங்கி உட்கார்ந்துவிட்டது. மாமா ஹெட்லைட்டைப் போட்டார். எதிரில் ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து நின்றது. அணைத்தார். சுவர் சாம்பல் நிறமாகிப் பக்கத்தில் வந்தது. பள்ளத்துப் பக்கம் எது, மலைப்பக்கம் எது என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி நின்றது.

பின்சீட்டில் மகள் பக்கத்தில் இருந்த ஆயம்மாள் முன்னால் எட்டிப் பார்த்தாள். "இன்னா டிரைவரே, மஞ்ச லைட்ட காணோம்?"

நின்ற இடத்திலேயே நிற்கவும் முடியாது. வெள்ளிமலை பஸ் எந்த நேரமும் பின்னாலிருந்தோ முன்னாலிருந்தோ வரலாம். இருபது வருஷமாக ஓட்டுகிற பாதைதான், தடவிக்கொண்டே போய்விடலாம் என்று மாமா கியரைப் போட்டார். குழந்தை தும்மியது. அவர் கை கியரிலேயே நின்றுவிட்டது.

அக்கா கதவைத் திறந்து இறங்கினாள்.

என்ன செய்கிறாய் என்று கேட்பதற்குள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, வண்டிக்கு முன்னால் போய்விட்டாள். டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்தாள். ரோட்டு ஓரத்துத் தார் முடிந்து மண் தொடங்குகிற விளிம்பு ஓரடி அகலத்துக்குத் தெரிந்தது. அந்த விளிம்போடு நடந்தாள். "வாங்க" என்றாள். மாமா வண்டியை அவள் நடைக்குப் பின்னால் விட்டார். எங்களுக்குத் தெரிந்தது அவள் குதிகாலும் சேலை ஓரமும்தான். அவளுக்கு ஒரு முழங்கால் சரியில்லை, ஏற்றத்தில் அந்தக் காலை இழுத்து வைப்பாள். "வாங்க, வாங்க, நில்லுங்க, இப்ப வளைவு, ஒடிங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கினாள். ஏறிக்கொள் என்று மாமா கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டதற்கு, "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள். ரோடு தெரியாததால்தான் அவள் நடந்துகொண்டிருந்தாள் என்பது அப்போது யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை.

ஒரு திருப்பத்தில் மேலேயிருந்து இரைச்சல் கேட்டது. மாமா ஹாரன் அடித்தார். வண்டியோடு வந்த ஹாரன், பூனைக்குட்டி கத்துகிற மாதிரி கத்தியது. அக்கா ரோட்டு நடுவில் போய் நின்று டார்ச்சை ஆட்டினாள். பனிக்குள் இரண்டு மஞ்சள் வட்டங்கள் தெரிந்தன. அவை பெரிதாகி, பெரிதாகி, பஸ்ஸாகி, அவளுக்குச் சற்று முன்னால் நின்றன. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அவளுக்குப் பின்னால் நாங்கள் நின்ற பாதை முழுவதும், பள்ளத்துச் சுவர், உடைந்த இடம், சுவருக்கு அப்பால் ஒன்றுமில்லாதது எல்லாம் தெரிந்தது. அக்கா திரும்பி அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

டிரைவர் தலையை நீட்டி, "ஏம்மா, சாவறதுக்கு வேற எடம் கெடைக்கலியா?" என்று கத்தினார்.

"வண்டில பச்சப்புள்ள இருக்குதுண்ணா. கொஞ்சம் பின்னால போங்க, நாங்க ஏறிடறோம்" என்றாள் அக்கா.

பஸ் பின்னால் போனது. நாங்கள் கடந்தோம்.

கரியன் வீட்டில் அவள் அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்து சேலையைக் காயவைத்தாள். ஆயம்மாள் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். பிள்ளையை மடியில் கொடுத்தாள். அக்கா பிள்ளையை வைத்துக்கொண்டு முழங்காலைத் தேய்த்துவிட்டபடி இருந்தாள். ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு, மறுநாள் வெயில் ஏறியபின் இறங்கினோம்.

கச்சிராயபாளையம் வந்தது. வீட்டுத் தெருவுக்கு மாமா இண்டிகேட்டர் போட்டார்.

"நேரா வுடுங்க" என்றாள் அக்கா.

கள்ளக்குறிச்சியில் ஏதோ வாங்க வேண்டும் போலிருக்கிறது என்று அவர் நேராக விட்டார். கள்ளக்குறிச்சியும் தாண்டியது. எங்கே என்று கேட்டதற்கு உளுந்தூர்பேட்டை என்றாள். மாமா வேகத்தைக் குறைத்தார். கொஞ்ச தூரம் போனபின், வாரண்டி இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, லைட்டைப் போட்டால் அது போன மாதிரிதான், அவ்வளவு சண்டை போட்டு வாங்கியது என்று மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு வருசம் கழிச்சி மலை எங்கனா போயிடுமா?" என்றாள் அக்கா.

தியாகதுருகத்தில் நான் இறங்க வேண்டும். கோட்டைக் குன்று தெரிந்தது, பஸ் ஸ்டாண்டு தெரிந்தது. என்னை இறக்கிவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது எப்படி முடிகிறது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

மாயவன் ஒரு லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். மாமா சிமெண்டு சாக்கைக் கீழே இறக்கி வைத்தார். மாயவன் அதற்குள் பார்த்துவிட்டு, வண்டியைப் பார்த்து, எங்களைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். பம்பருக்குக் கீழே பழைய ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"பழையபடி ரெண்டும் போட்டுடலாமா?"

"போட்டுடு" என்றார் மாமா.

அக்கா வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்து, பம்பரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் கையால் ஜாண் போட்டாள்.

"எடம் இருக்குது இல்ல, நாலா போடு" என்றாள்.